'டேக்' என்றால் எடுப்பது மட்டும்தானா? சீன மாணவர்களோடு என் அனுபவம்

குவாங்சோவில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். அங்கே என்னை அதிகம் அலைக்கழித்த வினைச்சொல் 'டேக்'. மாணவர்களின் சொற்பட்டியலில் அதற்கு எதிரே 'நா' என்று ஒலிக்கும் ஒரே ஒரு சீன எழுத்துதான் இருக்கும். அந்த எழுத்தில் மேல்பாதி 'ஒன்றுசேர்', கீழ்பாதி 'கை'. கைக்குள் அடங்கும் பொருளுக்கு அது பொருந்தும். பஸ்ஸை எப்படிக் கையில் எடுப்பது?

சளியோடு வந்த ஒரு மாணவி, மருந்தைச் 'சாப்பிட்டேன்', பஸ்ஸில் 'உட்கார்ந்தேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இரண்டையும் அடித்து 'டேக்' என்று திருத்தினேன். "பஸ்ஸில் இடமே இல்லை, நின்றுகொண்டுதான் வந்தேன். ஆனாலும் எங்கள் மொழியில் உட்கார்ந்தேன் என்றுதான் சொல்வோம்" என்றாள். எனக்கு உறைத்தது. நாமும் மாத்திரையைச் சாப்பிடத்தானே செய்கிறோம்! பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிறோம்.

அன்றிலிருந்து 'டேக்' என்பதைப் பலகையில் தனியாக எழுதியதே இல்லை. 'டேக் எ பஸ்', 'டேக் மெடிசின்', 'டேக் எ போட்டோ' என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதுவேன். பக்கத்தில் சீன வாக்கியத்தை அவர்களே எழுத வேண்டும். போட்டோவுக்கு அவர்கள் எழுதிய வினைக்கு 'தட்டு' என்று பொருள். உங்களுக்கும் இப்படி அனுபவம் உண்டா?

*

வணக்கம் ஐயா. செங்டுவில் இருக்கும் ஓர் அம்மையாருக்கு நான் இணையம் வழியே பாடம் எடுக்கிறேன். அவருக்குச் சிக்கல் 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் நடுவே. "நாளை அகராதியை இங்கே டேக் செய்கிறேன்" என்பார். சீனத்தில் இரண்டுக்கும் 'தை' என்ற ஒரே வினை. பின்னால் 'லை' சேர்ந்தால் இந்தப் பக்கம், 'ச்சூ' சேர்ந்தால் அந்தப் பக்கம்.

இது நம் கொண்டுவா, கொண்டுபோ அல்லவா! ஆங்கில இலக்கணம் சொல்லி ஒரு வாரம் புரியாததைத் தமிழை எழுதிக்காட்டிப் பத்து நிமிடத்தில் புரியவைத்தேன். 'கொண்டு' என்பதை அவர் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்து திரையில் காட்டினார். 'ண்' மேல் புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது. தமிழ் தெரிந்த ஆசிரியர்கள் இந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

*

என் பங்குக்கு ஒன்று. சியானில் ஒரு மாணவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அவனுடைய பாட்டி வாசலில் நின்று 'மான் ட்சோ' என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மெதுவாகப் போ'. அவன் எனக்காக அதை 'டேக் கேர்' என்று மொழிபெயர்த்தான். உடனே அவனுக்கே சந்தேகம்: "இதில் எதை எடுக்கச் சொல்கிறார்கள்?"

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அம்மா சொல்லும் 'பார்த்துப் போ' காதில் கேட்டது. "எடுக்க ஒன்றுமில்லை, உன் பாட்டி சொன்னதேதான்" என்றேன். நான் படியிறங்கி முடிக்கும்வரை பாட்டி அதை இன்னும் இரண்டு முறை சொன்னார்.