தெரிந்ததையே ஏன் கேட்கிறீர்கள்? மழலையர் வகுப்பில் கண்டவை

மழலையர் பள்ளி ஆசிரியை:

நான்கு வயதுக் குழந்தைகளின் மொழித்திறனை மதிப்பிட எங்களிடம் ஒரு படிவம் உண்டு. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும்; விடை வந்தால் ஒரு குறி, வராவிட்டால் வெற்றுக் கட்டம். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி 12 படங்களுக்கும் வாய் திறக்கவில்லை. படத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு தரையைப் பார்ப்பாள். 'சொல்வளம் குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதே வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து வாசலில் காத்திருந்தபோது, அவள் தன் தம்பிக்கு ஒரு நாயும் காகமும் சண்டையிட்ட கதையை, இரண்டுக்கும் குரலை மாற்றி மாற்றி, நடுவில் அவற்றை விரட்ட வரும் கிழவியாகவும் நடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழைத்துப் போக வந்த பாட்டியிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "படத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியுமே டீச்சர். அப்புறம் அவகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? வெளையாடுறீங்கன்னு நெனச்சிருப்பா."

ஷர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர், அமெரிக்காவின் கரோலைனா பகுதியில் பல ஆண்டுகள் தங்கிச் செய்த ஆய்வை 1983-இல் வெளியிட்டார். அதைப் பிறகுதான் படித்தேன். கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது சில வீடுகளில் குழந்தை வளர்ப்பின் அன்றாடப் பகுதி. வேறு சில வீடுகளில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. அங்கே பெரியவர்கள் 'இது எதைப் போல இருக்கிறது?', 'அப்புறம் என்ன நடந்தது?' என்றுதான் குழந்தைகளைக் கேட்கிறார்கள். பள்ளியோ முதல் வகைக் கேள்வியை மட்டுமே அறிவின் அளவுகோலாக வைத்திருக்கிறது. நான் அளந்தது அந்தச் சிறுமியின் சொல்வளத்தையா, அவள் வீட்டுக்கும் என் வகுப்புக்கும் இடையிலிருந்த தூரத்தையா? உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

இரண்டு குழந்தைகளின் தந்தை:

எனக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம் என்று சொல்லலாம். அங்கே அந்நியனாக நின்றவன் நான். வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்த காலத்தில் என் மூத்த மகனை அங்கே ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் சற்று முன்னதாகவே அழைக்கச் சென்றபோது, அவனும் இன்னொரு சிறுவனும் ஒரு பொம்மையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுபறி தள்ளுமுள்ளாக மாறியது. என் மகன் அழத் தொடங்கினான். ஐந்தடி தூரத்தில் இருந்த ஆசிரியை திரும்பிப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் ஒரு சிறுமி வந்து இருவரையும் ஏதோ அதட்டி, பொம்மையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று நான் ஆசிரியையிடம் பேசிய தொனியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் அமைதியாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: 'மிமாமோரு'. கண்ணெடுக்காமல் காத்து நிற்பது, ஆனால் கை நீட்டாமல் இருப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கல்வி ஆய்வாளர் ஜோசப் டோபினும் அவருடைய குழுவினரும் ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் மழலையர் பள்ளிகளைப் படம்பிடித்து, ஒரு நாட்டுப் படத்தை மற்ற நாட்டு ஆசிரியர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்ட ஆய்வு 1989-இல் வெளிவந்தது. அதிலும் ஏறத்தாழ இதே காட்சி உண்டு. ஒரு பார்வையாளருக்குக் கண்டுகொள்ளாமையாகப் பட்டது, இன்னொருவருக்குக் கற்பித்தலாகவே பட்டது. ஒரு வகுப்பில் பிள்ளைகள் அதிகமாக இருப்பதே நல்லது, அப்போதுதான் ஆசிரியையைத் தேடாமல் தங்களுக்குள் பழகக் கற்பார்கள் என்று ஜப்பானிய ஆசிரியர்கள் சொன்னதைப் படித்தபோது, நான் அதுவரை கேள்வியின்றி நம்பி வந்த 'எண்ணிக்கை குறைந்தால் தரம் கூடும்' என்ற கணக்கும் ஒரு பண்பாட்டின் கணக்குதான் என்று தோன்றியது. சண்டையில் என் மகனுக்கு அடிபட்டிருந்தால் இவ்வளவு நிதானமாக எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

குழந்தைகள் காப்பகப் பணியாளர்:

எங்கள் காப்பகத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். காகிதத்தில் படகு மடிக்க அவனை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கண்கள் என்னிடம் நிற்கவில்லை. 'கவனம் இல்லை' என்று விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பெண் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். அவளுடைய படகு பாதி மடிவதற்குள் இவன் தன்னுடையதை முடித்து மேசையில் நிறுத்திவிட்டான். வீட்டில் நிறையப் பேர், பெரியவர்களின் எல்லா வேலைகளிலும் அவனும் உடன் நிற்பான், அவனை மட்டும் உட்காரவைத்து யாரும் எதையும் கற்பித்ததில்லை என்று அவனுடைய அக்கா சொன்னாள். உளவியலாளர் பார்பரா ரோகாஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயன் பூர்வகுடிச் சமூகத்துக் குழந்தைகளிடம் இதைத்தான் கண்டார்கள்: உடன்பிறந்தவருக்கு ஒருவர் பொம்மை செய்யக் கற்பிக்கும்போது, தங்களிடம் பேசப்படாத நிலையிலும் அவர்கள் உற்றுப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர்:

மூவர் எழுதியதையும் மதிக்கிறேன். ஆயினும் ஒரு தடையைச் சொல்ல வேண்டும். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கைகட்டி நிற்கும் பழக்கம் நமக்கு வந்துவிடக் கூடாது. ஒரு தந்தை என்னிடம், "அடிச்சு வளக்குறதுதான் சார் எங்க வழக்கம், நீங்களும் அடிங்க" என்று பள்ளி முற்றத்தில் நின்று சொன்னார். அதை அவருடைய பண்பாடு என்று ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை. பிள்ளைகளை அடிப்பது ஸ்வீடனிலும் ஒரு காலத்தில் சாதாரணமாகத்தான் இருந்தது. பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடுத்த முதல் நாடாக அது 1979-இல் ஆயிற்று, அங்கே வழக்கமும் மாறியது. இன்னொரு ஆபத்து, இத்தகைய ஆய்வுகளைப் படித்த ஆசிரியர்களிடமே இருக்கிறது. 'அந்த வீட்டுப் பிள்ளைகள் பேச மாட்டார்கள், பார்த்துத்தான் கற்பார்கள்' என்று முன்கூட்டியே முடிவுகட்டி, ஒரு குழந்தையிடம் கேள்வியே கேட்காமல் ஓர் ஆண்டைக் கழித்த வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குக் காது கேட்பதில் குறை இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு தாய்:

என் மகள் பள்ளிக்குப் போன நான்காம் மாதத்தில் வீட்டு மொழியில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். நியூசிலாந்தில் 1982-இல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இந்த இழப்பைத் தடுக்கவே பாட்டி தாத்தாக்களை நடுவில் அமர்த்தி 'மொழிக்கூடு' எனப் பொருள்படும் கோஹாங்கா ரேயோ பள்ளிகளைத் தொடங்கினார்கள். எங்கள் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் என் மாமியார் வந்து கதை சொல்ல அனுமதி கேட்டேன். இரண்டு முறை நடந்தது. பிறகு நேரமில்லை என்றார்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியை:

ஆய்வாளர் ஐயா சொன்னது என்னைத் தைத்தது. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். சிறுமிக்குக் கேட்கும் திறனில் குறையில்லை. படிவத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, ஆனால் கேள்வியை மாற்றினேன். குடையின் படத்தைக் காட்டி, "இது எது மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். முதன்முறையாக என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்: "மடக்கி வைக்கிற மரம்." அதற்கென்று படிவத்தில் கட்டம் எதுவும் இல்லாததால், ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.