பாஸ் 'நோ சீக்ரெட் கீ' என்கிறது, அவசரம்

நள்ளிரவு_ரூட்:
பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் லினக்ஸில் பாஸ் (pass) நிரலில், ஜிபிஜி (GPG) என்ற குறியாக்க நிரலின் சாவியால் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். இன்று திடீரென்று 'டீகிரிப்ஷன் ஃபெயில்டு: நோ சீக்ரெட் கீ' என்று வருகிறது. சாவி இருக்கிறது, நேற்று ஓடியது. காலைக்குள் பேக்கப் எடுத்தாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

கோடிவரி:
புது மெஷினா? கிட் (git) களஞ்சியத்திலிருந்து பாஸின் ஸ்டோர் ஃபோல்டரை மட்டும் இழுத்திருப்பீர்கள், ரகசியச் சாவி அதோடு வராது. பழைய மெஷினில் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவாருங்கள். வழக்கமாக இதுதான்.

தறி:
ஜிபிஜி எந்தப் பதிப்பு? நேரில் உட்கார்ந்து அடிக்கிறீர்களா, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்தா?

பழையபெருச்சாளி:
கடைசி வரியை மட்டும் ஒட்டிவிட்டு அவசரம் என்றால் எப்படித் தம்பி? அதற்கு மேலே இன்னொரு வரி இருக்கும், விஷயமே அதில்தான். முழுதாகப் போடப் பழகுங்கள், இங்கே யாருக்கும் ஜோசியம் தெரியாது.

நள்ளிரவு_ரூட்:
அதே மெஷின்தான், எஸ்எஸ்ஹெச். மேலே 'இன்அப்ரோப்ரியேட் அயாக்டில் ஃபார் டிவைஸ்' என்று இருக்கிறது. கையால் அடித்தால் சாவியைத் திறக்கும் பாஸ்ஃபிரேஸைக் கேட்டுத் திறக்கிறது, ஸ்கிரிப்டில்தான் இப்படி.

தறி:
ஸ்கிரிப்ட் என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்! கிரானில் நேரம் வைத்துத் தானாக ஓடுவதா, லூப்பா?

நள்ளிரவு_ரூட்:
டேட்டாபேஸ் பட்டியலை ஒரு ஃபைலிலிருந்து வொய்ல் ரீட் லூப்பில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பாஸ் ஷோ கட்டளையால் பாஸ்வேர்டை எடுக்கிறேன்.

தறி:
அதுதான். சாவி எங்கும் போகவில்லை. லூப்புக்குள் ஸ்டாண்டர்ட் இன்புட் உங்கள் டெர்மினல் இல்லை, அந்தப் பட்டியல் ஃபைல். பாஸ்ஃபிரேஸ் கேட்கும் பின்என்ட்ரி நிரலுக்கு எந்த டெர்மினலில் கேட்பது என்று தெரியாமல் தோற்கிறது, ஜிபிஜி அதைக் கடைசியில் 'சாவி இல்லை' என்று சொல்கிறது. ஜிபிஜி_டிடிஒய் என்ற மாறியில், எந்த டெர்மினல் என்று சொல்லும் டிடிஒய் கட்டளையின் விடையை வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஜிபிஜி கையேடே இதை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் போடச் சொல்கிறது. லூப்புக்குள் போட்டால் 'நாட் எ டிடிஒய்' என்றுதான் வரும், அதனால் லூப்புக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். நேற்று ஓடியதற்குக் காரணம், அதற்குச் சற்று முன் கையால் ஏதாவது திறந்திருப்பீர்கள். ஜிபிஜி ஏஜென்ட் பாஸ்ஃபிரேஸை 600 விநாடி நினைவில் (கேஷில்) வைத்திருக்கும்.

கோடிவரி:
அந்த 600ஐ ஒரு நாளாக்கிவிட்டால் தொல்லையே இல்லையே.

பழையபெருச்சாளி:
அந்த 600 இருக்கும் டிஃபால்ட்-கேஷ்-டிடிஎல்லை மட்டும் ஏற்றினால் ஆகாது, உச்ச வரம்பான மேக்ஸ்-கேஷ்-டிடிஎல் 7200 விநாடியில் நிறுத்திவிடும். அதையும் ஏற்றினால் அந்த அக்கவுண்டுக்குள் நுழைபவன் நாள் முழுக்க எல்லா பாஸ்வேர்டையும் படிப்பான். சர்வரில் இதைச் செய்யச் சொல்வது பெரிய தப்பு.

கோடிவரி:
அண்ணே, அக்கவுண்டுக்குள்ளேயே வந்துவிட்டவன் நீங்கள் அடுத்து பாஸ்ஃபிரேஸ் அடிக்கும்வரை காத்திருக்க மாட்டானா?

பழையபெருச்சாளி:
காத்திருக்க வைப்பதே பாதுகாப்புதான். அதோடு பாஸில் ஃபைல் பெயர்கள் மறைக்கப்படுவதில்லை, எந்தத் தளத்தில் கணக்கு என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

தறி:
கேஷ் பற்றித் தனியாகப் பேசுவோம். நள்ளிரவு_ரூட், ஓடியதா?

நள்ளிரவு_ரூட்:
லூப்புக்கு மேலே போட்டேன், முதல் தடவை கேட்டது, அப்புறம் எல்லாம் ஓடியது. பேக்கப் போய்க்கொண்டிருக்கிறது. நன்றி.

கோடிவரி:
பாஷ்ஆர்சியிலும் போட்டீர்களா?