யூபிஎஸ் ஓடுது, சேர்வருக்கு மட்டும் தெரியல: மலையகத்துல பார்த்த கோளாறுகளைப் பகிருங்க

ஹட்டன் வயர்மேன்

தோட்ட ஆபிஸ், பெக்டரி, பள்ளிக்கூட லேப், எங்க பார்த்தாலும் ஒரே கோளாறுதான். கரண்ட் போகுது, யூபிஎஸ் கத்துது, சேர்வர் ஒண்ணும் தெரியாம ஓடிக்கிட்டே இருந்து பெட்டரி தீர்ந்ததும் படார்னு விழுது. 2025 பெப்ரவரி 9 நாடே இருண்டது ஒரு ஞாயித்துக்கிழமை. ஆபிஸெல்லாம் பூட்டு. ஷட்டவுன் பண்ண ஆள் இல்லாத அப்படி ஒரு நாள்ல யூபிஎஸ்தான் சேர்வர்கிட்ட சொல்லியாகணும். அந்தப் பேச்சு எங்க அறுந்து போகுதுன்னு பார்த்தவங்க எழுதுங்க.

கேபிள்ல இருந்து தொடங்குறேன். ஏபிசி (APC) கம்பனி யூபிஎஸ் பல மாடல்ல பின்னால இருக்கிற டேட்டா சொக்கட் பார்க்க லேன் போட் மாதிரியே இருக்கும். ஆனா உள்ள 10 பின். லேன் கேபிள் 8 பின். மாட்டினா அழகா உட்காரும், ஒண்ணும் பேசாது. ஒரு பக்கம் 10 பின், மறுபக்கம் யூஎஸ்பி உள்ள கேபிள்தான் வேணும். தொலைஞ்சு போயிருந்தா கடையில ஏபி9827னு கேளுங்க. அதே பின்பக்கத்துல பக்கம் பக்கமா ரெண்டு லேன் சொக்கட் இருந்தா, அது மின்னல் அடியில இருந்து லேன் லைனைக் காக்கிறதுக்கு. அதுக்கும் ஷட்டவுனுக்கும் சம்பந்தமே இல்ல.

நீளமும் முக்கியம். இந்த யூபிஎஸ்கள்ல நிறைய யூஎஸ்பியோட ஆகக் குறைஞ்ச வேகத்துல பேசுற சாதனம். அதுக்கு 3 மீட்டர்தான் எல்லை. 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டா சில நாள் ஓடும், ஈரம் ஏறின காலத்துல விட்டு விட்டுப் போகும்.

பண்டாரவளை சிஸ்டம்ஸ்

சீரியல் போட் உள்ள பழைய ஸ்மார்ட்-யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 9 பின் பொருந்துகிறதே என்று சாதாரண சீரியல் கேபிளை மாட்டாதீர்கள். அந்தப் பின்களுக்கு ஏபிசி வேறு வேலை கொடுத்திருக்கிறது. மாட்டிய கணமே யூபிஎஸ் அணைந்து, அதில் தொங்கும் சேர்வர் எல்லாம் சேர்ந்து விழலாம். அதற்கென்று உள்ள 940-0024சி கேபிள்தான் வேண்டும். வேகம் 2400, 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட்.

சேர்வரில் சீரியல் போட் இல்லாமல் யூஎஸ்பி கன்வேர்ட்டர் போட்டால் இரண்டு சிக்கல். போலி ப்ரொலிஃபிக் சிப் என்றால் விண்டோஸில் கோட் 10 என்ற பிழையோடு நிற்கும். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்குவது நிம்மதி. லினக்ஸில் கன்வேர்ட்டரைக் கழற்றி மாட்டினால் சாதனத்தின் எண் 0 இலிருந்து 1 ஆகிவிடும், கொன்ஃபிக் இன்னும் 0 ஐத் தேடிக்கொண்டிருக்கும். எண்ணை எழுதாமல், சாதனத்தின் அடையாளப் பெயரில் இருக்கும் நிலையான பாதையை எழுதி வையுங்கள்.

நுவரெலியா லினக்ஸ்

நட் (NUT: யூபிஎஸ்ஸோடு பேசி சேர்வரை அணைக்கும் இலவச மென்பொருள்) போட்டவர்கள் இந்த வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சம்.

யூஎஸ்பி பட்டியலில் யூபிஎஸ் தெரிகிறதா? ஏபிசி என்றால் அடையாள எண் 051டி என்று தொடங்கும், சைபர்பவர் 0764. பெயர் தெரியாத மலிவு பிராண்டுகளில் அடிக்கடி 0665:5161 வரும். முதல் இரண்டுக்கும் யூஎஸ்பி எச்ஐடி ட்ரைவர், கடைசிக்கு க்யூஎக்ஸ் ட்ரைவர். மலிவு யூபிஎஸ்ஸுக்கு எச்ஐடி ட்ரைவரை எழுதிவிட்டு, கேபிள் பழுது என்று முடிவுகட்டுவது சர்வசாதாரணம்.

பட்டியலில் இருக்கிறது, ட்ரைவர் மட்டும் திறக்க முடியவில்லை என்கிறதா? அது அனுமதிச் சிக்கல். ட்ரைவர் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடுவதில்லை, தனிப் பயனராக ஓடுகிறது. நட்டை இன்ஸ்டோல் பண்ணும்போது யூபிஎஸ் ஏற்கெனவே செருகியிருந்தால் யூடெவ் விதி (சாதனத்தைச் செருகும்போது அனுமதி கொடுக்கும் லினக்ஸ் விதி) அதற்குப் பிடிக்காது. கேபிளை ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடியும்.

‘டேட்டா ஸ்டேல்’ என்று வந்தால் ட்ரைவரிடமிருந்து 15 செக்கனாகப் புதுச் செய்தி வரவில்லை என்று பொருள். நட் காத்திருக்கும் இந்த நேரத்தை, அதாவது மேக்ஸ்ஏஜை, 25 அல்லது 30 ஆக்கினால் லேசான தடங்கல் மறையும். ஆனால் கேர்னல் லொக்கில் அதே நேரத்துக்கு யூஎஸ்பி ‘டிஸ்கனெக்ட்’ என்று இருந்தால், எண்ணைக் கூட்டுவது நோயை மூடி வைப்பதுதான். நீல நிற யூஎஸ்பி 3 போட்டிலிருந்து கறுப்பு யூஎஸ்பி 2 போட்டுக்கு மாற்றுங்கள், ஹப்பைத் தூக்குங்கள், யூஎஸ்பியைத் தானாகத் தூங்கவைக்கும் ஒட்டோசஸ்பெண்டை நிறுத்துங்கள்.

இன்னொன்று. வேர்ச்சுவல் மெஷினுக்குள் யூஎஸ்பியைக் கொடுத்து அங்கே நட் ஓட்ட வேண்டாம். ஹோஸ்ட் (அதைத் தாங்கும் நிஜ மெஷின்) ரீபூட் ஆனதும் இணைப்பு திரும்ப வராமல் போகலாம், அப்படியே வந்தாலும் உள்ளே இருக்கும் மெஷின் ஹோஸ்டை ஷட்டவுன் பண்ணுவதற்கு வேறு வழி தேட வேண்டும். ஹோஸ்டில் வையுங்கள்.

தலவாக்கலை பெக்டரி எலக்ட்ரீஷியன்

கேபிள், சொஃப்ட்வெயர் எல்லாம் சரி. ஜெனரேட்டரை யாரும் பேசலயே. தேயிலை பெக்டரியில பாதிக் கோளாறு அங்கதான்.

மெயின் போய் ஜெனரேட்டர் ஏறுது. அடுத்து ரோலர் மோட்டர், கொழுந்து வாட்டுற ஃபேன் ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகுது. நேரடியா ஸ்டார்ட் ஆகுற மோட்டர் அந்த நொடி சாதாரண கரண்டைப் போல ஆறு மடங்கு வரைக்கும் இழுக்கும். வோல்டேஜ் தொய்யும், 50 ஹேர்ட்ஸ் அசையும். யூபிஎஸ் ‘இது கெட்ட கரண்ட்’னு பெட்டரிக்குத் தாவும், சில செக்கன்ல திரும்பும், மறுபடி தாவும். லொக்கைப் பார்த்தா பெட்டரி, மெயின், பெட்டரி, மெயின்னு பக்கம் பக்கமா இருக்கும். பார்க்கிறவங்க கனெக்‌ஷன் லூஸ்னு கேபிளை மாத்துவாங்க. கேபிள்ல ஒண்ணுமில்ல.

யூபிஎஸ்ஸோட சென்சிட்டிவிட்டியை ‘நோர்மல்’ல இருந்து ‘ரிடியூஸ்ட்’, அப்பவும் அடங்கலன்னா ‘லோ’ன்னு இறக்குங்க. அதோட, பெட்டரிக்குப் போன உடனே ஷட்டவுன் தொடங்குற மாதிரி வைக்காதீங்க. நட்ல டைமர் வைக்கிறதுக்கு யூபிஎஸ்ஷெட்னு ஒண்ணு இருக்கு. பெட்டரிக்குப் போனா 120 செக்கன் டைமர், மெயின் வந்தா டைமர் ரத்து. ஜெனரேட்டர் ஏறி நிலைக்கிறதுக்கு அது போதும். பெட்டரி பழசா இருந்தா 60க்குக் குறைச்சுக்கோங்க.

ரிலே ‘டக்’னு தாவுற அதே செக்கன்ல யூஎஸ்பி அறுந்தா அது வேற கேஸ், அது மின் இரைச்சல். டேட்டா கேபிளை பவர் கேபிளோட சேர்த்து டை போட்டுக் கட்டியிருப்பாங்க. பிரிச்சு ஒரு சாண் தள்ளி ஓட்டுங்க, ரெண்டு முனையிலயும் அந்த இரைச்சலை அடக்குற ஃபெரைட் மணி மாட்டுங்க. சேர்வர் யூபிஎஸ்ல, மொனிட்டர் மட்டும் சுவர் ப்ளக்லன்னு இருந்தா அதையும் யூபிஎஸ் பக்கம் கொண்டு வாங்க. பாறை நிலத்துல எர்த் நல்லா இறங்காது, ரெண்டு எர்த்துக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் டேட்டா கேபிள் வழியாத்தான் ஓடும்.

ஹாலிஎல

அண்ணே, எங்களது நெட்வேர்க் கார்ட் போட்ட யூபிஎஸ். ரெண்டு சேர்வர் அதைப் பார்க்குது. எல்லாம் பச்சை. ஆனா நிஜமா கரண்ட் போனா ரெண்டுமே அசையல?

பண்டாரவளை சிஸ்டம்ஸ்

தம்பி, நெட்வேர்க் சுவிட்ச் எந்தச் சொக்கட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் அது சுவரில்தான் இருக்கும். கரண்ட் போனதும் முதலில் சாவது சுவிட்ச், அப்புறம் யூபிஎஸ் யாரிடம் போய்ச் சொல்லும்? கார்டுக்கும் சேர்வருக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

அது சரியென்றால் கார்டுக்கு நிலையான ஐபி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் மாறி ஐபி மாறினால் சேர்வர் பழைய முகவரியையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அடுத்தது ஃபயர்வோலில் திறக்க வேண்டிய போட் எண்: ஏபிசியின் பவர்ச்சூட் மென்பொருள் என்றால் 3052, நட் என்றால் 3493, ஏபிசியுபிஎஸ்டி மென்பொருள் என்றால் 3551. நட் சேர்வர் மற்ற மெஷின்களுக்குப் பதில் சொல்ல லிஸன் வரியில் தன் ஐபியை எழுத வேண்டும். எழுதாவிட்டால் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்.

உபுண்டு 22.04 இல் நட் 2.7.4, டெபியன் 12 இல் 2.8.0. புதியதில் யூபிஎஸ்ஸோடு நேராக இணைந்த சேர்வரை ‘பிரைமரி’, மற்றதை ‘செகண்டரி’ என்பார்கள், பழையதற்கு அந்தச் சொல் புரியாது. இரண்டும் கலந்த இடத்தில் ‘மாஸ்டர், ஸ்லேவ்’ என்றே எழுதுங்கள், 2.8.0 அதையும் ஏற்கும். சினொலஜி நாஸ் (நெட்வேர்க் சேமிப்புப் பெட்டி) யூபிஎஸ் சேர்வராக இருந்தால் யூபிஎஸ்ஸின் பெயரும் பாஸ்வேர்டும் அதுவே வைத்தவை. நீங்களாகப் பெயர் சூட்டினால் இணையாது.

நுவரெலியா லினக்ஸ்

ஷட்டவுன் ஆனதோடு வேலை முடிவதில்லை. நம்ம பக்கம் கரண்ட் ஐந்து நிமிடம் போய்த் திரும்புவதுதான் அதிகம். சேர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே மெயின் வந்தால், யூபிஎஸ் தானாக வெளியீட்டை வெட்டுவதில்லை. கரண்ட் போய் வந்ததாக சேர்வர் உணர்வதும் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் யூபிஎஸ் பச்சை, சேர்வர் அணைந்தபடி. இதற்கு இரண்டும் வேண்டும்: பயோஸில் ‘மின் திரும்பினால் பவர் ஒன்’, நட்டில் வெளியீட்டை வெட்டச் சொல்லும் கில்பவர் கட்டளை கடைசியாக யூபிஎஸ்ஸுக்குப் போவது. ட்ரைவரின் இயல்பு நிலை 20 செக்கனில் வெட்டு, 30 இல் திரும்பக் கொடு. இரண்டாவது எண் எப்போதும் முதலாவதை விடப் பெரிதாக இருக்கட்டும். சேர்வர் அணைய 20 செக்கன் போதாதென்றால் இரண்டையும் கூட்டுங்கள்.

பழைய பெட்டரி இன்னொரு பொறி. 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து சடாரென்று விழும், ‘லோ பெட்டரி’ செய்தி வருவதற்கே நேரமிருக்காது. மாற்றும் வரை, யூபிஎஸ்ஸின் சொல்லை நம்பாமல் 50 சதவீதத்திலேயே லோ என்று எடுத்துக்கொள்ளும்படி நட்டில் எழுதலாம்.

ஹட்டன் வயர்மேன்

டெஸ்ட் பண்றவங்க யூபிஎஸ் ப்ளக்கை இழுக்காதீங்க, எர்த்தும் சேர்ந்து போயிடும். சுவர் சொக்கட்ல இருக்கிற சுவிட்சை மட்டும் அணைங்க. லோடு உண்மையான லோடா இருக்கணும், வெறும் சேர்வர் ஒண்ணை வச்சுப் பார்த்தா எட்டு நிமிஷம் ஓடுறது நிஜத்துல மூணுதான் ஓடும். சொஃப்ட்வெயரை மட்டும் பார்க்கணும்னா நட்டோட யூபிஎஸ்மொன்ல எஃப்எஸ்டி (கட்டாய ஷட்டவுன்) கட்டளை கொடுங்க, எல்லா மெஷினும் உண்மையாவே அணையும், அதனால ஆபிஸ் நேரத்துல வேண்டாம்.

தலவாக்கலை பெக்டரி எலக்ட்ரீஷியன்

மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் பின்னேர இடி வர்றதுக்கு முந்தி ஒரு வேலை: பெக்டரிக்கும் ஆபிஸுக்கும் நடுவுல செம்பு லேன் கேபிள் வெளியால ஓடுதுன்னா ஃபைபரா மாத்துங்க. ரெண்டு முனைக்கும் மீடியா கன்வேர்ட்டர், ரெண்டும் அந்தந்தப் பக்க யூபிஎஸ்ல. மின்னல் விழுந்தா கார்டு, சுவிட்ச், சேர்வர்னு வரிசையா கொண்டு போறது அந்தச் செம்புக் கேபிள்தான்.