அச்சுப் படங்களை மாட்டிவிட்டு ரவி வர்மா கண்காட்சியா?

கோட்டையூரான்:
செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வளவில் 'ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள்' என்று பலகை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் வேறு. போய்ப் பார்த்தால் சுற்றிலும் ஓலியோகிராஃப் அச்சுகள்தான், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் கல்லச்சுப் படங்கள். சரஸ்வதி, லட்சுமி, மேனகை, சகுந்தலை. அவர் தூரிகை பட்ட படம் ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்திலேயே தொங்கியதுதான். அசல் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடம், மைசூர் ஜகன்மோகன் அரண்மனை என்று போகலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. பலகையில் 'அச்சுப் படங்கள்' என்று ஒரு வார்த்தை சேர்க்க என்ன கஷ்டம்?

இரண்டாம் கட்டு ஆச்சி:
தம்பி, அச்சு என்றதும் ஏன் இவ்வளவு இளக்காரம்? 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே ரவி வர்மாதான். அரண்மனைக்காரர்கள் மட்டும் பார்த்த படத்தைச் சாதாரண வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று அவரே கையிலிருந்து பணம் போட்டுச் செய்த வேலை. அதில் கடன்பட்டும் போனார். ஆக, இவை அவர் விரும்பி வெளியிட்டவை, யாரோ திருடி அடித்தவை இல்லை. சாமி அறையில் லட்சுமி என்றால் தாமரை மேல் நிற்கும் அந்த முகம்தானே நம் எல்லோருக்கும் நினைவு வருகிறது? அது மைசூர் அரண்மனைக்குப் போய்வந்தா நமக்குப் பழகியது?

இன்னொன்று. இடது பக்கச் சுவரில் ஜரிகையும் ஜிகினாவும் தைத்த சரஸ்வதி இருக்கிறாளே, பார்த்தீர்களா? சேலை முழுக்கத் துணி ஒட்டி, நகைக்கு மணி கோத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து செய்த வேலை. பரோடா அரண்மனையிலும் இது கிடைக்காது. எனக்கு அந்த ஒரு படத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

பழைய சாமான்:
காரைக்குடியில் இந்த வியாபாரத்திலேயே இருப்பவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஓலியோகிராஃபைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிச் சுண்ணாம்புக்கல். ஒரு கல்லில் ஒரு வண்ணத்தை அச்சிட்டு, காய வைத்து, அடுத்த கல்லில் அதே தாளை மயிரிழை பிசகாமல் வைக்க வேண்டும். கடைசியில் வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்க வைப்பார்கள். ஜெர்மனியிலிருந்து ஆள் வரவழைத்துத்தான் செய்தார்கள்.

ஆனால் கோட்டையூரார் கேட்பதிலும் விஷயம் இருக்கிறது. அந்த வளவில் இருப்பதெல்லாம் ஓலியோகிராஃப்தானா என்பதே எனக்குச் சந்தேகம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தது போலத் தாறுமாறாக இருக்கும். பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் ஒரே சீராக நிற்கும். பழைய பர்மா தேக்குச் சட்டத்துக்குள் புது ஆஃப்செட் தாளை வைத்து விற்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

கோட்டையூரான்:
ஆச்சி, அவர் அச்சகம் வைத்தது உண்மைதான். மிச்சத்தையும் சொல்லுங்கள். 1900களின் தொடக்கத்திலேயே அதை அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். 1906-இல் இறந்தும் போனார். அச்சகம் அதன் பிறகும் பல காலம் ஓடியது, 1972-இல் தீப்பிடிக்கும் வரைக்கும் இருந்தது. இடையில் வந்த படங்களில் அவர் வரைந்தது எது, வேறு ஓவியர்கள் வரைந்தது எது? கண்காட்சிக்காரர்கள் ஒரு வரி எழுதவில்லை. அவர் கண்ணாலேயே பார்க்காத படத்துக்கு அவர் பெயர்.

தூரிகை:
அச்சா அசலா என்று அடித்துக்கொள்கிறீர்கள். அசலிலும் முழுக்க அவர் கை மட்டும் இல்லை. தம்பி ராஜராஜ வர்மா கூடவே இருந்து வரைந்தவர், பின்னணி நிலக்காட்சிகளில் அவர் பங்கு பெரியது. அவருக்கும் சேர்த்துப் பலகை வைக்கலாமே? (ஆனந்த குமாரசாமி போன்ற கலை அறிஞர்கள் ரவி வர்மாவையே நாடகத்தனம் என்று ஒதுக்கினார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.)

இரண்டாம் கட்டு ஆச்சி:
இழுக்கவே வேண்டாம், அது விடிய விடியப் போகும்.

கோட்டையூராருக்கு: வேறு ஓவியர் கலந்திருப்பது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள் வரைக்கும் அந்த வரிசைதான் நீண்டு வந்தது. அதைக் காட்டும் இடம் அரண்மனை இல்லை, இந்த வளவுதான். நம் பங்காளிகள் பாகம் பிரித்தபோது இந்தப் படங்களைத் தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்து எடைக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவர் அதைச் சுவரில் மாட்டி வைத்தால் பலகையில் எழுத்துப் பிழை தேடுகிறோம்.

கோட்டையூரான்:
எழுத்துப் பிழை இல்லை, ஆச்சி. ரவி வர்மாவின் படைப்புகளை 1979-இல் அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது, அசலை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே முடியாது. அப்படிப்பட்ட பெயரைப் போட்டுக் கூப்பிட்டால் வெளியூர்க்காரர் என்ன நினைத்து வருவார்? நான் போன அன்று ஒரு பிரெஞ்சுக்காரர் மேனகை படத்தைப் பார்த்து எந்த ஆண்டு வரைந்தது என்று கேட்டார். காவலுக்கு நின்ற பையன் 'நூறு வருஷத்துக்கு மேல சார்' என்றான். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பழைய சாமான்:
அந்த மேனகையை நானும் பார்த்தேன். 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவலா' என்று கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தால் பம்பாயிலிருந்து லோனாவலா பக்கம் அச்சகம் மாறிய பிறகு வந்தது என்று தெரிந்துவிடும். இதில் மரச்சட்டம் அந்த ஓரத்தை மூடியிருக்கிறது. கழற்றாமல் எதுவும் சொல்ல முடியாது. அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. அது முற்றத்து வெயில் நேராக விழும் சுவர், கண்ணாடிக்குள்ளேயே சிவப்பு வெளுக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வடக்குச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.