புதுப்பிப்பு: '1806-ல்' கோட்டுச் சண்டை என்ன ஆனது?

போன வாரம் புலம்பியிருந்தேனே, வேலூர்க் கோட்டை பற்றி நாலு பேர் ஒரே பகிர்வுக் கோப்பில் எழுதுகிறோம், நான் '1806-ல்' என்று போட்டால் காட்பாடி அண்ணன் '1806இல்' என்று மாற்றிவிடுகிறார் என்று. அதன் தொடர்ச்சி இது.

தோற்றது நான்தான். வாதத்தில் இல்லை, போனில். சத்துவாச்சாரி அக்கா கோப்பைத் தன் போனில் திறந்து காட்டினார். ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி பற்றிய இடத்தில் '1806-' ஒரு வரியின் கடைசியில், 'ல்' மட்டும் அநாதையாக அடுத்த வரியில். கோடு வந்தால் அங்கே வரியை முறிக்கலாம் என்பது மென்பொருளின் கணக்கு. முறியாத கோடு என்று யூனிகோடில் தனிக் குறி உண்டு (அதன் எண் U+2011), அதையும் போட்டுப் பார்த்தேன். வரி உடையவில்லை, ஆனால் சாதாரணக் கோடு போட்டுத் தேடினால் அந்த '1806-ல்' அகப்படவில்லை. சரி, 'இல்' இருக்கட்டும்.

அப்புறம் 'வேலூர்க் கோட்டை'யில் அந்த 'க்'. பஸ் ஸ்டாண்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லையே என்றேன்.

"நீ கட்டுரை எழுதுறியா, டிக்கெட் எடுக்கிறியாப்பா?" என்றார் அண்ணன்.

'க்' அப்படியே இருந்துவிட்டது. ஆனால் கோட்டைக்குள் கோயில் கொண்ட ஜலகண்டேஸ்வரரை அவர் 'சலகண்டேசுவரர்' ஆக்கியதை மட்டும் நான் விடுவதாக இல்லை. இன்று காலைகூட மாற்றிவிட்டுத்தான் வந்தேன்.