கியூரேட்டிவ் மனுவுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். எங்கள் நூலக மாலை வகுப்புக்காக, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு என்ன வழி இருக்கிறது என்று சின்னக் கையேடு ஒன்று போடுகிறோம். மண்ணடி அச்சகத்தில் வெள்ளிக்கிழமை பிளேட் எடுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது: கியூரேட்டிவ் பெட்டிஷன்.

தீர்ப்பு வந்தபின் அரசமைப்பின் 137ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றத்திலேயே ரிவியூ போடலாம், 30 நாள் கெடு. அதுவும் தள்ளுபடியானால் நீதிமன்றத்தில் மிஞ்சுவது இந்தக் கியூரேட்டிவ் ஒன்றுதான். 2002இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தானே உண்டாக்கிய வழி. நாளிதழில் ரிவியூ ஒருநாள் சீராய்வு, இன்னொரு நாள் மறுசீராய்வு. கியூரேட்டிவ் வந்தாலும் அதே மறுசீராய்வுதான். போன வகுப்பில் ஓர் அம்மா, மகன் புழலில் இருக்கிறான், "மறுசீராய்வு போட்டாச்சுன்னு வக்கீல் சொல்றாரு, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். அவர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளவே கேஸ் கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு சொல் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஜார்ஜ் டவுனிலிருந்து

அம்மா, நான் வக்கீல் குமாஸ்தா, இலக்கணம் தெரியாது. ஆனால் எங்கள் கட்டுகளில் சீராய்வு என்றால் ரிவிஷன். கீழ்க்கோர்ட் போட்ட உத்தரவை ஹைகோர்ட் எடுத்துப் பார்ப்பது. சிவிலில் 115ஆம் பிரிவு, கிரிமினலுக்குத் தனியே உண்டு. ரிவியூவுக்கு மறுஆய்வு என்று வையுங்கள். அதே கோர்ட் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்ப்பது.

மறுசீராய்வு என்று போட்டால் இரண்டாவது ரிவியூ என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது ரிவியூவை உச்ச நீதிமன்ற விதியே ஏற்காது. கியூரேட்டிவ் வேறு சாமான். ஒரு தரப்பைக் கேட்காமலேயே பாதகமாகத் தீர்ப்பு போனது, நீதிபதிக்கு வழக்கோடோ கட்சிக்காரரோடோ இருந்த தொடர்பு வெளியே வராமல் போனது, இந்த மாதிரி இருக்க வேண்டும். சீனியர் அட்வகேட் ஒருவர் சான்று தர வேண்டும். மூத்த நீதிபதிகள் மூவரும், தீர்ப்பு சொன்னவர்களில் இருப்பவர்களும் முதலில் அறைக்குள்ளேயே படிப்பார்கள். பெரும்பான்மை சரி என்றால்தான் விசாரணைக்கே வரும்.

சொல்லா? வராண்டாவில் எல்லோரும் கியூரேட்டிவ் என்றுதான் சொல்கிறோம். அப்படியே போட்டுவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து

> அப்படியே போட்டுவிடுங்கள்

இப்படித்தான் வாய்தா வந்தது, ஜப்தி வந்தது, அமீனா வந்தார், யாரும் திரும்பிப் போகவில்லை.

தமிழில் இந்தக் கருத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முன்மாதிரியே இருக்கிறது. மேலே முறையிட இடமில்லாத மன்றத்தில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் தன் தீர்ப்பைத் தானே புரட்டினான். அதை இளங்கோ பின்னால் காட்சிக் காதையில் எப்படிச் சொல்கிறார்? "வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோ லாக்கியது." வினைச்சொல்லைக் கவனியுங்கள், நிமிர்த்து. ஆகவே நிமிர்ப்பு மனு.

ரிவியூவுக்கும் ஒன்று தருகிறேன். கண்ணகி வாயைத் திறந்ததும் "தேரா மன்னா" என்றாள். தேர்தல் என்றால் ஆராய்தல். குறளும் "தேர்ந்துசெய் வஃதே முறை" என்கிறது. மேல்முறையீட்டில் இருக்கும் முறையும் இதுவே. எனவே மறுதேர்வு மனு.

வியாசர்பாடியிலிருந்து

ஐயா, வணக்கம். நான் சட்டக் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவன். மறுதேர்வு மனு என்று நோட்டீஸ் ஒட்டினால் முதல் ஆளாக நான்தான் வரிசையில் நிற்பேன்.

நிமிர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் சொல்லிப் பார்த்தேன். முதுகுவலிக்கா என்றார்கள். இன்னொன்று, எங்கள் பக்கம் மனு என்றாலே ஜெயிலில் போய்ப் பார்ப்பது. "மனு பார்க்கப் போறேன்" என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் தனியாக விடாமல் எங்கேயும் முழுப் பெயராகவே எழுதுங்கள்.

ராயபுரத்திலிருந்து

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கியூர் என்பது எங்கள் துறைச் சொல் என்பதால் மூக்கை நுழைக்கிறேன். பரிகார மனு என்று ஏன் வைக்கக் கூடாது? பரிகாரம் என்றால் நோய்க்கு மருந்தும் ஆகும், குற்றத்துக்குத் தீர்வும் ஆகும். வைத்தியரைப் பரிகாரி என்று சொல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு. சிவில் வழக்கில் "தக்க பரிகாரம்" கேட்டு எழுதுவதை நானே படித்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து

வடசொல். மேலும் பரிகாரம் என்றால் இந்த ஊரில் காளஹஸ்திக்கு வண்டி கட்டுவார்கள்.

ராயபுரத்திலிருந்து

மனு மட்டும் எந்த ஊர்ச் சொல் ஐயா?

பெரம்பூரிலிருந்து

நல்ல கேள்வி. மனுநீதிச் சோழனோடு இதற்குத் தொடர்பில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டுகோளைக் குறிக்கும் மனவி என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை விண்ணப்பத்தோடு...

(இதற்குப் பிறகு விண்ணப்பமா விஞ்ஞாபனமா என்று ஐந்தாறு மடல் போனது. அதில் வெள்ளிக்கிழமைக்கு உதவுவது எதுவும் இல்லை என்பதால் வெட்டிவிட்டேன். மன்னிக்கவும். தண்டையார்பேட்டை.)

திருவொற்றியூரிலிருந்து

குறைதீர் மனு. எல்லோருக்கும் புரியும்.

ஜார்ஜ் டவுனிலிருந்து

புரியும், அதுதான் ஆபத்து. ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுப்பதும் குறைதீர் மனுதான். பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் நிற்கிற வரிசையில் தூக்குத் தண்டனைக் கைதியின் அம்மாவையும் நிற்க வைத்துவிடுவோம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2020இல் தில்லி நிர்பயா வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரும் தனித்தனியே கியூரேட்டிவ் போட்டார்கள், எல்லாம் தள்ளுபடி. அந்தக் கட்டத்தில் எந்த மனு, எந்த வாசல் என்பதில் குழப்பம் வரவே கூடாது.

வியாசர்பாடியிலிருந்து

எல்லாரும் தூக்கையே நினைத்துக்கொண்டு சொல் தேடுகிறோம். இது காசு வழக்குக்கும் வரும், கழுத்து வழக்குக்கும் வரும். ஹுர்ரா வழக்கே புருஷன் பெண்டாட்டி விவாகரத்து. போபால் நஷ்டஈட்டைக் கூட்டச் சொல்லி ஒன்றிய அரசு போட்டது 2023இல் தள்ளுபடி. 2024இல் தில்லி மெட்ரோ போட்டது ஜெயித்தது. உச்ச நீதிமன்றம் 2021இல் தான் சொன்ன தீர்ப்பையே தள்ளி, ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய்ச் சுமையை இறக்கியது. சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பிழைநீக்கு மனு?

திருவொற்றியூரிலிருந்து

தம்பி, பிழைநீக்கம் கணினிக்காரர்கள் சொல். புரோகிராமில் பூச்சி பிடிப்பது. அந்தச் சொல்லுக்கும் இதே மாதிரி அடித்துக்கொண்டோம், நீ அப்போது பிறந்திருக்க மாட்டாய்.

குறைதீர் வேண்டாமென்றால் குறைநீக்கு. கலெக்டர் ஆபீசும் இல்லை, காளஹஸ்தியும் இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது.

ராயபுரத்திலிருந்து

சரி, குறைநீக்கு. பரிகாரம் இதைவிட நல்ல சொல் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

ஜார்ஜ் டவுனிலிருந்து

குறை என்றால் தீர்ப்பில் குறையா, நடந்த முறையில் குறையா என்று சொல்லவில்லையே. இருந்தாலும் தப்பான வரிசையில் யாரையும் நிறுத்தாது. கியூரேட்டிவ் என்பதையும் முதல் இடத்தில் தமிழ் எழுத்திலேயே சேர்த்துவிடுங்கள். வக்கீலிடம் போய்ச் சொல்லும்போது அதுதான் செல்லும்.

தண்டையார்பேட்டையிலிருந்து

அப்படியே செய்கிறேன். முதல் இடத்தில் "கியூரேட்டிவ் எனப்படும் குறைநீக்கு மனு", அப்புறம் குறைநீக்கு மனு மட்டும். ரிவியூ மறுஆய்வு மனு. சீராய்வு ரிவிஷனுக்கு மட்டும். எதிர்ப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

பெரம்பூரிலிருந்து

எதிர்ப்பு உண்டு, பதிவு செய்துகொள்ளவும். குறைநீக்கு என்பது சலவைத்தூள் விளம்பரம்போல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் தன் கோலைத் தானே நிமிர்த்துகிறது என்ற பொருள் அதில் எங்கே? புரியாது என்கிறீர்கள். பேருந்து என்றபோது யாருக்குப் புரிந்தது? இரண்டாம் பதிப்பில் மறுபடி வருவேன்.

அது கிடக்கட்டும். நீங்கள் அனுப்பிய வரைவின் ஒன்பதாம் பக்கத்தில், கிரிமினல் தீர்ப்பை மறுஆய்வு செய்ய "பதிவின் முகத்தில் தோன்றும் பிழை" இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவுக்கு ஏது அம்மா முகம்? கண்கூடான பிழை என்று மாற்றுங்கள்.

ஜார்ஜ் டவுனிலிருந்து

ஐயா, கண்கூடு என்றால் நேரில் பார்த்த சாட்சி சொல்வது மாதிரி ஆகிவிடும். இது கட்டைப் புரட்டியதுமே, வாதம் எதுவும் இல்லாமல், தெரிகிற பிழை.

பெரம்பூரிலிருந்து

கண்கூடு பிரத்தியட்சத்துக்கு நேரான தமிழ். சாட்சிக்கு மட்டும் என்று யார் சொன்னது? காட்சி, சாட்சி இரண்டும்...

தண்டையார்பேட்டையிலிருந்து

"பார்த்ததுமே தெரியும் பிழை" என்று திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஃபைல் போய்விட்டது ஐயா.