கலிஃபோர்னியா: ஐஇபி உள்ள மகனுக்கு டிப்ளமோவா, சர்டிபிகேட்டா?

இர்வைன் அம்மா:
வணக்கம். மகனுக்கு ஆட்டிசம், வயது 17, 11ஆம் வகுப்பு. பள்ளியில் ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) உண்டு. இதுவரை 150 கிரெடிட். அல்ஜீப்ரா தேறிவிட்டான். ஆனால் தனியாக பஸ் ஏறத் தெரியாது, கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியாது. அடுத்த ஜூனில் டிப்ளமோ கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறது பள்ளி. டிப்ளமோ வாங்கினால் பள்ளியின் சிறப்புக் கல்விச் சேவை நின்றுவிடும் என்கிறார்கள், சர்டிபிகேட் வாங்கினால் கல்லூரி போச்சு என்கிறார்கள். எதை நம்புவது?

மரத்தடி:
சகோதரி, டிப்ளமோ பற்றிச் சொன்னது சரி. வழக்கமான ஹைஸ்கூல் டிப்ளமோ கைக்கு வந்தால் சேவை முடிந்தது. சர்டிபிகேட் ஆஃப் கம்ப்ளீஷன் (படித்து முடித்ததற்கான சான்று), ஜிஇடி (டிப்ளமோவுக்குப் பதிலாக எழுதும் சமநிலைத் தேர்வு) இரண்டாலும் சேவை நிற்காது. கவுன் போட்டு நண்பர்களோடு மேடையேறினாலும் நிற்காது. சர்டிபிகேட் வாங்கும் பிள்ளைக்கும் விழாவில் கலந்துகொள்ள இங்கே சட்டப்படி உரிமை உண்டு.

டிப்ளமோ இல்லையென்றால் 22 வயது வரை சேவை உண்டு. பிறந்த மாதத்தைக் கவனியுங்கள். ஜனவரி முதல் ஜூனுக்குள் 22 ஆனால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை படிக்கலாம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் புது ஆண்டைத் தொடங்கவே முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் என்றால் பொதுவாக டிசம்பர் 31தான் கடைசி நாள்.

டிப்ளமோ கொடுப்பதைச் சட்டம் பிளேஸ்மென்ட் (பிள்ளை படிக்கும் ஏற்பாடு) மாற்றமாகப் பார்க்கிறது. எனவே பள்ளி முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். உடன்பாடில்லை என்றால் பட்டமளிப்புத் தேதிக்கு முன்பே டியூ பிராசஸ் மனு (பள்ளியின் முடிவை எதிர்த்து விசாரணை கேட்பது) போடுங்கள். அப்போது 'ஸ்டே புட்' வரும், வழக்கு முடியும்வரை சேவை தொடரும். தேதி கடந்தபின் போட்டால் அந்தப் பிடி இருக்காது.

பாடத்திட்டம்:
மேலே சொன்னதோடு ஒன்று. எல்லா கிரெடிட்டையும் முடித்துவிட்டு "டிப்ளமோ வேண்டாம்" என்று நின்றால் எடுபடுவது கடினம். பேச வேண்டியது இப்போதே. மீதிப் பாடங்களைக் கூடுதலாக ஒன்றிரண்டு ஆண்டுக்குப் பரப்பி, நடுவே டிரான்சிஷன் வகுப்புகளை (பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குப் பழக்குபவை) வைக்க ஐஇபி குழு முடிவெடுக்கலாம்.

டிரான்ஸ்கிரிப்டை (பாடம், கிரெடிட் பதிவு) வாங்கிப் பாருங்கள். எழுத்தில் கேட்டால் 5 வேலை நாளுக்குள் தர வேண்டும். மாநிலம் கேட்பது ஓராண்டுப் பாடங்கள் 13தான். மாவட்டங்கள் அதன் மேல் சேர்த்து 220 கிரெடிட் வாக்கில் கேட்கின்றன. கூடுதல் நேரம், தனி அறை போன்ற அகாமடேஷன் கிரெடிட்டைக் குறைக்காது. பாடத்தையே எளிதாக்கும் மாடிஃபிகேஷன் என்றால் அந்த கிரெடிட் டிப்ளமோ கணக்கில் சேராமல் போகலாம். பல பெற்றோருக்கு 12ஆம் வகுப்பில்தான் இது தெரியவருகிறது.

2022 முதல் இன்னொரு வழியும் உண்டு. 11ஆம் வகுப்பில் மாற்றுத் தேர்வான சிஏஏ எழுதும் பிள்ளைகள் 13 பாடங்களை மாற்றுத் தரத்தில் முடித்தே டிப்ளமோ வாங்கலாம், அதனால் 22 வரையான சேவையும் போகாது. அறிவுத்திறன் குறைபாடு மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கான ஏற்பாடு இது. உங்கள் மகன் வழக்கமான அல்ஜீப்ராவில் தேறியிருந்தால் பொருந்துவது அரிது.

வளர்மதி_சேக்ரமெண்டோ:
சர்டிபிகேட்டோடு கல்லூரி போச்சு என்பது முழு உண்மையில்லை அக்கா. 18 ஆனவரை டிப்ளமோ இல்லாமலும் கம்யூனிட்டி காலேஜ் சேர்த்துக்கொள்ளும். நான்காண்டுக் கல்லூரிக்கும் வழக்கமான பெடரல் நிதியுதவிக்கும்தான் சிக்கல். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிடிபி படிப்புகளில் (கல்லூரியில் நடக்கும் டிரான்சிஷன் படிப்புகள்) டிப்ளமோ இல்லாமலே பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத பெடரல் உதவித்தொகை) கிடைக்கும், கடன் கிடைக்காது. ஐஇபி கல்லூரிக்குள் வராது. அங்கே அவனேதான் மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.

ஐஇபியில் உள்ள டிரான்சிஷன் இலக்குகளை வரிவரியாகப் படியுங்கள். "வேலை வாய்ப்புகளை ஆராய்வான்" என்று எழுதியிருந்தால் யாரும் எதையும் அளக்க முடியாது, முடிந்தது என்று டிக் அடித்துவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வீட்டிலிருந்து பயிற்சி இடத்துக்கு ஒரு பஸ் மாறி, துணையின்றி, 5 முறையில் 4 முறை சரியாகப் போய்ச் சேர்வான்." "20 டாலர் கொடுத்து மீதியை எண்ணிச் சரிபார்ப்பான்." இவை எட்டப்படவில்லை என்பதுதான் சேவை தொடர வேண்டும் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம்.

18 வயதில் கல்வி உரிமை அவன் கைக்குப் போய்விடும். உங்களைத் தன் சார்பில் முடிவெடுக்க அவன் எழுதித் தரலாம், அந்தப் படிவத்தைத் தயாராக வைத்திருங்கள். ரீஜனல் சென்டரில் (வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேவை ஏற்பாடு செய்யும் அமைப்பு) இன்னும் பதியவில்லை என்றால் 18க்கு முன்பே பதியுங்கள். குறைபாடு அந்த வயதுக்கு முன்பே இருந்ததைக் காட்ட வேண்டும், பின்னால் பழைய காகிதம் தேடி அலைய வேண்டிவரும். விசா நிலையை அங்கே கேட்பதில்லை.

ஐஇபி கூட்டம் கேட்டு இன்றே மின்னஞ்சல் போடுங்கள். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் கூட்ட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதே மின்னஞ்சலில் கேளுங்கள், பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுப் போடலாம்.